1966 அலியும் 1988 டைசனும் மோதினால் யாருடைய விதிகளைக் கொள்வது?

கருங்கல் படிப்பகச் செயலாளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் ஆண்டுவிழாவில் பட்டிமன்றம் தவறாமல் இடம்பெறும். ஆனால் கூட்டுக்குடும்பமா தனிக்குடும்பமா என்று நடுவர் தொடங்கிய உடனேயே பந்தலில் பாதிப் பேர் சாயாக் கடைக்கு எழுந்து போய்விடுகிறார்கள் என்பதால், இந்த முறை இளைஞர்கள் வேறொரு தலைப்பைக் கொண்டுவந்தார்கள். குத்துச்சண்டை வீரர்கள் முகமது அலியும் மைக் டைசனும் தத்தம் உச்சநிலையில் ஒரே வளையத்தில் இறங்கியிருந்தால் யார் வென்றிருப்பார் என்பதை வழக்காடு மன்றமாக நடத்த வேண்டும் என்கிறார்கள். அலி தரப்புக்கு மூவர், டைசன் தரப்புக்கு மூவர், தீர்ப்புச் சொல்ல ஒருவர் என்பது ஏற்பாடு.

திட்டமிடும் கூட்டத்திலேயே வழக்கு தொடங்கிவிட்டது. இளைஞர்கள் கைப்பேசியில் டைசனின் நாக்-அவுட் (எதிராளி எழ முடியாதபடி வீழ்த்தும்) காட்சிகளை மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள்; இந்த மனிதரை எதிர்த்து எவரும் மூன்று சுற்று நிற்க முடியாது என்கிறார்கள். பெரியவர்களோ, 1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை இட்டதைப் பற்றிச் செய்தித்தாளில் படித்த நினைவை வைத்துக்கொண்டு, அலியின் பெயரோடு வேறொருவர் பெயரைச் சேர்த்துச் சொல்வதையே விரும்பவில்லை. நான் அலி கட்சி என்பதை மறைக்கவில்லை. இருந்தாலும் செயலாளர் என்ற முறையில் மன்றத்தை ஒழுங்காக நடத்த வேண்டிய பொறுப்பு எனக்கு இருக்கிறது.

சண்டை எந்தக் காலத்து விதிகளின்படி நடக்கிறது என்று வைத்துக்கொள்வது? உச்சநிலை என்றால் எந்த ஆண்டு? பேசுகிறவர்கள் வெறும் ரசிகர் வாதமாக இல்லாமல், சான்று காட்டிப் பேசும்படி ஏதேனும் வரையறை வகுக்க முடியுமா? குத்துச்சண்டை அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தக்கலை கணினியாளர்

செயலாளர் அண்ணன் கேட்பதை அமெரிக்காவில் ஒருவர் அறுபதுகளிலேயே பெரும் செலவில் செய்து பார்த்துவிட்டார். மயாமியைச் சேர்ந்த மரே வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர், எல்லாக் காலத்து ஹெவிவெயிட் (மிக உயர்ந்த எடைப்பிரிவு) சாம்பியன்களையும் கற்பனையாக மோதவிட்டு, முடிவை என்சிஆர் 315 என்ற கணினியிடம் கேட்டு, 1967இல் வானொலித் தொடராக ஒலிபரப்பினார். அதன் காலிறுதியில், 1899 முதல் 1905 வரை சாம்பியனாக இருந்த ஜிம் ஜெஃப்ரீஸிடம் அலி தோற்றதாக அறிவித்தார்கள். இறுதிப் போட்டியில் ஜாக் டெம்ப்சியை வீழ்த்தி ராக்கி மார்சியானோ வென்றதாகக் கதை முடிந்தது.

அலி சும்மா இருக்கவில்லை. கணினி சொன்ன தோல்வியால் தமது பெயர் கெட்டது என்று பத்து லட்சம் டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். அந்தச் சமயத்தில் அவர் வியட்நாம் போருக்கான கட்டாயப் படைச்சேர்க்கையை மறுத்ததால் பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டு வருமானம் இன்றி இருந்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. பத்தாயிரம் டாலரும் வசூலில் ஒரு பங்கும் பெற்றுக்கொண்டு, மார்சியானோவுடன் கேமராவுக்கு முன்னால் சண்டையிட அலி ஒப்புக்கொண்டார். 1969இல் மயாமியில் படப்பிடிப்பு நடந்தது. மார்சியானோ ஓய்வு பெற்று 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. இருபது கிலோவுக்கும் மேல் எடையைக் குறைத்து, வழுக்கையை மறைக்கப் பொய்முடி வைத்துக்கொண்டு வந்தார். ஏறத்தாழ எழுபது ஒரு நிமிடச் சுற்றுகளை எடுத்து, பல விதமான முடிவுகளையும் படமாக்கிக்கொண்டார்கள். எது உண்மையான முடிவு என்று நடித்த இருவருக்குமே சொல்லவில்லை.

படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், தமது 46ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாளான 1969 ஆகஸ்ட் 31 அன்று மார்சியானோ விமான விபத்தில் இறந்தார். 1970 ஜனவரி 20 அன்று திரையரங்குகளில் படம் காட்டப்பட்டபோது, 13ஆவது சுற்றில் மார்சியானோ நாக்-அவுட் முறையில் வென்றார்.

நான் கணினித் தொழிலில் இருப்பவன் என்பதால் ஒன்றை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. அந்தக் கணினிக்குக் குத்துச்சண்டை எதுவும் தெரியாது. வேகம், குத்தின் வலு, தாங்கும் திறன், காயம்படும் இயல்பு என்று ஒவ்வொரு வீரருக்கும் எழுத்தாளர்களும் வல்லுநர்களும் போட்ட மதிப்பெண்களை அது கூட்டிக் கழித்தது. அலியை அமெரிக்காவில் பலர் வெறுத்த ஆண்டுகளில் வாங்கிய மதிப்பெண்கள் அவை. உங்கள் மன்றத்தில் கைதட்டலை வைத்துத் தீர்ப்புச் சொல்வதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று இளைஞர்கள் யாரேனும் சொன்னால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

குழித்துறை உடற்கல்வி ஆசிரியர் (ஓய்வு)

செயலாளர் கேட்ட முதல் கேள்விதான் முழு வழக்கையும் தீர்மானிக்கும் கேள்வி. விதிகளை முடிவு செய்யாமல் வீரர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், ஆளுக்கொரு போட்டியை மனத்தில் வைத்துக்கொண்டு வாதாடுவார்கள். எவரும் எவருக்கும் பதில் சொன்னதாக இராது.

சுற்றுகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் தலைக்காயத்தால் இறந்த பிறகுதான், 15 சுற்றுகளாக இருந்த பட்டப்போட்டிகள் படிப்படியாக 12 சுற்றுகளாகக் குறைக்கப்பட்டன. இது சிறிய மாற்றம் போலத் தோன்றும். 1941இல் ஜோ லூயிஸுடன் மோதிய பில்லி கான் 12 சுற்றுகள் முடிந்த நிலையில் நடுவர் மூவரில் இருவரின் கணக்கில் முன்னிலையிலும், மூன்றாமவரின் கணக்கில் சமநிலையிலும் இருந்தார். 13ஆவது சுற்று முடிய இரண்டே வினாடிகள் இருக்கும்போது லூயிஸ் அவரை வீழ்த்தினார். 1952இல் ஜெர்சி ஜோ வால்காட் மூன்று நடுவர்களின் கணக்கிலும் மார்சியானோவைவிட முன்னிலையில் இருந்தார். அவரும் 13ஆவது சுற்றில் ஒரே வலக்கைக் குத்தில் சரிந்தார். இன்றைய 12 சுற்று விதி அன்று இருந்திருக்குமானால், லூயிஸ் அன்றைக்கே பட்டத்தை இழந்திருப்பார்; 49 சண்டைகளில் தோல்வியே காணாத மார்சியானோ என்று நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். இவ்வளவு பெரிய மனிதர்களின் புகழ் அந்தக் கூடுதலான ஒன்பது நிமிடங்களுக்குள் இருந்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கையுறைகள் 5, 6 அவுன்ஸ் அளவில்தான் இருந்தன. அலியின் காலத்தில் பெரும்பாலும் 8 அவுன்ஸ். இன்று ஹெவிவெயிட் வீரர்கள் அணிவது 10 அவுன்ஸ். கையுறை சிறிதாக இருந்தால் குத்து கூர்மையாக இறங்கும். பெரிதாக இருந்தால் முகத்தை மறைக்கும் கேடயமாகவும் உதவும். இரண்டு கைகளையும் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு முன்னேறுகிறவருக்கு, அதாவது டைசனுக்கு, பெரிய கையுறை கொஞ்சம் சாதகம் என்பது என் எண்ணம்.

வீழ்ந்தவர் எழும்போது எதிராளி எங்கே நிற்க வேண்டும் என்பதும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1919இல் டெம்ப்சி, ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தினார். ஒவ்வொரு முறையும் அவர் அருகிலேயே நின்று, வில்லார்ட் முழங்காலை ஊன்றி எழ எழ அடித்தார். அன்று அது தவறாகக் கருதப்படவில்லை. 1927இல் அதே டெம்ப்சி ஜீன் டன்னியை வீழ்த்திவிட்டு, பழைய பழக்கத்தில், புதிய விதி கேட்டபடி நடுநிலை மூலைக்குப் போகாமல் நின்றதால் நடுவர் எண்ணத் தொடங்கவே தாமதமாயிற்று. டன்னிக்கு ஏறத்தாழ 14 வினாடிகள் கிடைத்தன. எழுந்து, ஓடி, தெளிந்து, கடைசியில் டன்னியே வென்றார். ஆள் ஒருவர்தான், விதி மாறிவிட்டது.

உடல் அளவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்று ஹெவிவெயிட்டுக்குக் கீழான க்ரூசர்வெயிட் பிரிவின் வரம்பு 200 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 90.7 கிலோ. மார்சியானோவும் டெம்ப்சியும் 85 கிலோவை ஒட்டியவர்கள். 1938இல் ஷ்மெலிங்கை 124 வினாடிகளில் வீழ்த்திய லூயிஸும் அன்று 200 பவுண்டைத் தொடவில்லை. இவர்கள் மூவரும் இன்று வந்தால் எடைபார்க்கும் இடத்திலேயே வேறு பிரிவுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள். அந்த வகையில் நீங்கள் எடுத்திருக்கும் இணை நல்ல இணை. 1966 நவம்பரில் அலி 96 கிலோ. 1988 ஜூனில் டைசன் 99 கிலோ. உயரத்தில் அலி 13 சென்டிமீட்டர் கூடுதல், கை நீளத்தில் 7 அங்குலம் கூடுதல். எடையில் ஏமாற்று இல்லாத போட்டி.

துபாய்வாழ் திங்கள்சந்தைக்காரன்

சார் சொன்னது எல்லாம் சரி. ஆனாலும் டைசன் தரப்புக்கு ஒருவர் பேச வேண்டும் அல்லவா.

20 வயதில் டிரெவர் பெர்பிக்கை இரண்டாம் சுற்றில் வீழ்த்திப் பட்டம் வென்றவர் டைசன். அந்த பெர்பிக்தான் 1981இல் அலியின் கடைசிச் சண்டையில் அலியை வென்றவர். 1988இல் அதுவரை தோல்வியே காணாத மைக்கேல் ஸ்பிங்ஸை 91 வினாடிகளில் முடித்தார். அலியின் 1966 என்று பெருமையாகக் காட்டப்படுவது எது? கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூன்றாம் சுற்றில் வீழ்த்திய சண்டை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் காவலர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டைத் தாங்கி, ஒரு சிறுநீரகத்தை இழந்து, உடலில் குண்டோடு வளையத்தில் ஏறியவர் அந்த வில்லியம்ஸ். அலியின் கால் அசைவு அன்று அழகாக இருந்தது என்பதில் ஐயமில்லை. எதிரில் நின்றவர் பாதி மனிதர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. அலி இடக்கை ஹூக்கிற்கு, அதாவது பக்கவாட்டிலிருந்து வளைத்து அடிக்கும் குத்துக்கு, எப்போதும் தடுமாறியவர். 1963இல் ஹென்றி கூப்பரும் 1971இல் ஜோ ஃப்ரேசியரும் அதே குத்தால்தான் அவரைத் தரையில் தள்ளினார்கள். அலி கைகளைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, தலையைப் பின்னுக்கு இழுத்துத் தப்பிப்பவர். ஃப்ரேசியரைவிட வேகமாக, இரண்டு கைகளாலும் ஹூக் அடிக்கும் டைசனிடம் அந்த வித்தை எத்தனை சுற்று செல்லும்?

நாகர்கோவில் வளையக்காரி

கல்லூரிக் காலத்தில் மாநில அளவிலான போட்டிகளில் ஆடியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். துபாய் அண்ணன் பெர்பிக்கைக் காட்டி அலியை மடக்கியது போலத்தான் உங்கள் மன்றத்திலும் நடக்கப்போகிறது என்பதால், அந்த வழியில் இருக்கும் பள்ளத்தை முதலிலேயே காட்டிவிடுகிறேன்.

பொது எதிரிகளை வைத்துக் காலங்களை இணைத்துக்கொண்டே போகலாம். ஜோ லூயிஸ் 1951இல் மார்சியானோவிடம் தோற்றார். மார்சியானோ 1955இல் தமது கடைசிச் சண்டையில் ஆர்ச்சி மூரை வென்றார். மூர் 1962இல், அப்போது காசியஸ் கிளே என்ற பெயரில் இருந்த அலியிடம் நான்காம் சுற்றில் வீழ்ந்தார். அலி 1980இல் லாரி ஹோம்ஸிடம் தோற்றார். ஹோம்ஸ் 1988இல் டைசனிடமும் 1992இல் ஹோலிஃபீல்டிடமும் தோற்றார். ஹோலிஃபீல்டை 2002இல் கிறிஸ் பர்ட் வென்றார். பர்டை விளாடிமிர் கிளிட்ச்கோ இருமுறை வென்றார். கிளிட்ச்கோவை 2015இல் டைசன் ஃப்யூரி (மைக் டைசன் அல்ல, வேறொருவர்) வென்றார். ஃப்யூரியை 2024இல் உசிக் இருமுறை வென்றார். ஜோ லூயிஸிலிருந்து இன்றுவரை ஒரு கண்ணிகூட அறுபடவில்லை.

இதை வைத்து ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிடச் சிறந்தது என்று சொல்லிவிடலாமா என்றால், முடியாது. அந்தப் பட்டியலில் பெரும்பாலான இடங்களில் தோற்றவர் தமது நல்ல காலத்தைத் தாண்டிவிட்டவர். மார்சியானோவுக்கு எதிரே நின்றபோது லூயிஸுக்கு வயது 37. பெர்பிக்கை எதிர்த்தபோது அலிக்கு 39 நிறைந்துவிட்டது, கையும் நாவும் தளர்ந்திருந்தன. டைசனை எதிர்த்த ஹோம்ஸுக்கு 38. அதற்குமுன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வளையத்தில் இறங்கியிருக்கவில்லை. இத்தகைய சண்டைகள் வயதை அளக்கும், காலத்தை அளக்கா.

எதிர்த்திசையில் சான்றாக நிற்பவர் ஜார்ஜ் ஃபோர்மன். 1973இல் ஃப்ரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை வீழ்த்திப் பட்டம் வென்றவர். 1974இல் கின்ஷாசாவில் அலியிடம் எட்டாம் சுற்றில் இழந்தவர். அவரே 42 வயதில் ஹோலிஃபீல்டை எதிர்த்து 12 சுற்றுகளும் நின்றார். 1994இல், 45 வயதில், ஹோலிஃபீல்டை அதே ஆண்டில் வென்றிருந்த 26 வயது மைக்கேல் மூரரைப் பத்தாம் சுற்றில் வீழ்த்தி மீண்டும் சாம்பியன் ஆனார். ஒன்பது சுற்றுகளில் புள்ளிகளில் பின்தங்கி, மெதுவாக நகர்ந்து, கடைசியில் அடித்த ஒரு சிறிய நேர்வலக்கை. அன்று அவர் அணிந்திருந்தது அலியிடம் தோற்ற நாளில் அணிந்த அதே சிவப்புக் கால்சட்டை. அவரது மூலையில் நின்ற பயிற்சியாளர்களுள் ஒருவர், இருபது ஆண்டுகளுக்கு முன் அலியின் மூலையில் நின்ற ஆஞ்செலோ டண்டி. எழுபதுகளின் ஹெவிவெயிட் வீரர்கள் தொண்ணூறுகளில் தாக்குப்பிடித்திருக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால், அலி தரப்பு இந்தச் சண்டையை எடுத்துவைத்தால் போதும். அலி வென்ற ஆள், முதுமையில், டைசனின் தலைமுறைக்குப் பட்டம் இல்லாமல் செய்தார்.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 2019 டிசம்பரில் ஒலிம்பிக் தகுதிச்சுற்றுக்கான தேர்வில், 37 வயது மேரி கோமும் 23 வயது நிகத் ஜரீனும் புது தில்லியில் மோதினார்கள். மேரி கோம் 9-1 என்று வென்றார். 2022இலும் 2023இலும் உலகச் சாம்பியன் ஆன நிகத்தை அன்றைய நிகத்தோடு ஒப்பிட முடியாது. 2010இல் ஐந்தாவது முறையாக உலகப் பட்டம் வென்ற மேரி கோமை 2019இன் மேரி கோமோடும் ஒப்பிட முடியாது. 2010 மேரி, 2022 நிகத் என்று வைத்தால் அது தனி வழக்கு. அதற்கும் விதி குறுக்கே வரும்: மேரி வென்ற காலத்தில் இரண்டு நிமிடச் சுற்றுகள், குத்துகளைப் பொத்தானை அழுத்தி எண்ணும் கணினி முறை, நிகத் ஆடுவது மூன்று நிமிடச் சுற்று மூன்று, ஒவ்வொரு சுற்றுக்கும் பத்துப் புள்ளி முறை. எட்டி நின்று தொட்டுவிட்டு விலகும் ஆட்டத்துக்குப் பழைய முறை அதிகம் கொடுத்தது. படிப்பகத்தின் அடுத்த ஆண்டுவிழாவுக்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டால், மேடையில் பெண்களும் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

அடிமுறை பயில்பவன், விளவங்கோடு

அக்கா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஒரு சிறிய சேர்க்கை மட்டும்.

இன்னும் பின்னால் போய், கையுறை இல்லாத காலத்து வீரர்களை இழுத்துவந்து, இவர்களுக்குக் கைகளை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை என்று சிலர் சிரிப்பதுண்டு. 1889இல் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் வெறுங்கையால் 75 சுற்றுகள் மோதினார்கள்; இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நடந்தது. அந்த விதியில் ஒருவர் விழுந்தால்தான் சுற்று முடியும். எதிராளியைப் பிடித்துத் தூக்கிப் போடுவதும் முறைதான். எங்கள் ஆசான், வெறும் முட்டியால் நெற்றியில் குத்தாதே, உடைவது உன் விரல்தான் என்பார். வெறுங்கைச் சண்டையில் தலையை ஓயாமல் குத்த முடியாது என்பதால், அவர்கள் கைகளை முகத்திலிருந்து தள்ளி, நீட்டிப் பிடித்தார்கள். சல்லிவனுக்கு எதிராக டைசனை நிறுத்தினால், கையுறை போட்டால் டைசன் ஒரு சுற்றில் முடிப்பார். கையுறையைக் கழற்றிவிட்டு 75 சுற்று என்றால், நான் பணம் கட்ட மாட்டேன்.

பழைய படச்சுருள்களையும் நம்ப வேண்டாம். அவை வினாடிக்குக் குறைந்த எண்ணிக்கையிலான படங்களாக, கையால் சுழற்றிப் பிடிக்கப்பட்டவை. பிற்கால வேகத்தில் ஓடவிடும்போது வீரர்கள் பொம்மைகள் போலத் துள்ளுகிறார்கள்.

குழித்துறை உடற்கல்வி ஆசிரியர் (ஓய்வு)

திங்கள்சந்தைக்காரர் இடக்கை ஹூக்கைப் பற்றி எழுப்பிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 12 சுற்றுகள், 10 அவுன்ஸ் கையுறை, 1966 நவம்பர் அலி, 1988 ஜூன் டைசன் என்று வைத்துக்கொண்டு நான் மனத்தில் ஓட்டிப் பார்த்ததை எழுதுகிறேன்.

முதல் இரண்டு சுற்றுகள் டைசனுடையவை. பயிற்சியாளர் கஸ் டமாட்டோ கற்றுக்கொடுத்தபடி தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு உள்ளே நுழைவார். அலியின் ஜாப், அதாவது முன்கையால் நேராக நீட்டும் குத்து, பலமுறை அவரது தலைக்கு மேலே போகும். விலாவில் வலக்கை ஹூக் ஒன்றை இறக்கி, எதிராளியின் முழங்கை கீழே வந்த நொடியில் அதே கையால் கீழிருந்து மேலாகத் தாடைக்கு அப்பர்கட் அடிப்பது டைசனின் தனி வித்தை. அது ஒரு முறையாவது அலியைத் தொடும். கூப்பரும் ஃப்ரேசியரும் வீழ்த்திய இரண்டு முறையும் அலி சில வினாடிகளில் எழுந்து நின்றார் என்பதைத் திங்கள்சந்தைக்காரர் சொல்லாமல் விட்டுவிட்டார். ஆகவே இரண்டாம் சுற்றில் அலி ஒரு முறை விழுகிறார், எழுகிறார் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகுதான் சண்டை. டைசனின் குத்துகள் எல்லாம் உள்ளே நெருங்கிய பிறகு வருபவை. நெருங்கிய நொடியில் அலி இடக்கையால் பிடரியைப் பிடித்துத் தலையைக் கீழே அழுத்துவார். 1974இல் ஃப்ரேசியருடனான இரண்டாம் சண்டையிலும், பிறகு ஃபோர்மனிடமும் அதையே செய்தார். டைசன் பிடிக்கு எதிராகப் பொறுமை இழப்பவர் என்பதற்கு 1987இல் ஜேம்ஸ் ஸ்மித்துடனான சண்டையைப் பாருங்கள்; ஸ்மித் 12 சுற்றுகளும் கட்டிப்பிடித்தே உயிர்பிழைத்தார், டைசனால் அவரை வீழ்த்த முடியவில்லை. ஸ்மித் பிடித்ததோடு நின்றுவிட்டார். அலி பிடிப்பார், விடுவிக்கப்பட்டதும் இரண்டடி பின்வாங்கி நான்கு ஜாப் கொடுப்பார், காதருகே ஏதாவது சொல்லவும் செய்வார்.

ஐந்தாம் சுற்றுக்கு மேல் டைசனின் தலையாட்டம் குறையும். ஒவ்வொன்றாக, பெரிய குத்துகளாகத் தேடுவார். 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் அவரைப் பத்தாம் சுற்றில் வீழ்த்தியது இந்த வழியில்தான்: உயரமான ஆள், நீண்ட ஜாப், அச்சம் இல்லை. அன்றைய டைசன் பயிற்சியில் அசட்டையாக இருந்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன், 1988 டைசன் அவரைவிடக் கூர்மையானவர். இருந்தாலும் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு வென்ற சண்டையை டைசனின் பட்டியலில் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. அலியின் பட்டியலில் அவை பெயர்பெற்ற சண்டைகள். என் கணக்கில் அலி புள்ளிகளில் வெல்கிறார், அல்லது பத்தாம் சுற்றுக்குப் பிறகு நடுவர் நிறுத்துகிறார்.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் வளையத்துக்குள் நிற்கும் மூன்றாவது மனிதரை நம்பியிருக்கிறது. பிடரியைப் பிடிப்பதற்குக் கண்டிப்பான நடுவர் ஒருவர் தொடக்கத்திலேயே புள்ளியைக் குறைத்தால், அலி கையை எடுக்க வேண்டிவரும். அப்போது திங்கள்சந்தைக்காரரின் பக்கம் தராசு சாயும். உங்கள் மன்றத்தில் இதையும் விதியாக எழுதிவைக்காவிட்டால், இரு தரப்பும் தங்களுக்கு வசதியான நடுவரைக் கற்பனை செய்துகொள்வார்கள்.

துபாய்வாழ் திங்கள்சந்தைக்காரன்

சார், இரண்டாம் சுற்றில் அலியை வீழ்த்தியதற்கு நன்றி. எழுப்பிவிட்டதுதான் பொறுக்கவில்லை. 1963இல் கூப்பர் வீழ்த்தியபோது சுற்று முடியும் மணி அடித்து அலியைக் காப்பாற்றியது. டைசன் மணிக்காகக் காத்திருக்கும் ஆள் இல்லை. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது விழா நாள் பொருந்தினால், டைசன் தரப்பில் மூன்றாவது பேச்சாளர் இடத்தை எனக்கு ஒதுக்க வேண்டுகிறேன்.

கருங்கல் படிப்பகச் செயலாளர்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை படிப்பகத்தில் இந்த இழையை அச்சிட்டு வைத்துப் படித்தோம். 13ஆவது சுற்றைப் பற்றிய பகுதியைக் கேட்டதும், 15 சுற்றுகள் வேண்டும் என்று பெரியவர்களும், 12 போதும் என்று இளைஞர்களும் பிரிந்துவிட்டார்கள். டைசன் தமது உச்சத்தில் ஆடியது 12 சுற்று, அலி ஆடியது 15 சுற்று என்பதால், இரண்டில் எதை எடுத்தாலும் ஒருவருக்குப் பழக்கமில்லாத களமாகிவிடும் என்று ஒரு மாணவி சொன்னாள். கடைசியில் அவள் சொன்ன யோசனையையே ஏற்றுக்கொண்டோம்: விழா மேடையில் பூவா தலையா போட்டு, விழுந்த பக்கத்துக்கு உரிய காலத்தின் சுற்று எண்ணிக்கையும் கையுறையும் ஏற்கப்படும், இரு தரப்பும் இரண்டுக்கும் ஆயத்தமாக வர வேண்டும். கணினியிடம் தீர்ப்புக் கேட்பதில்லை என்பதும் முடிவாயிற்று. பொது எதிரியைச் சான்றாகக் காட்டுகிறவர், அன்றைக்கு இருவரின் வயதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

துபாய்த் தம்பிக்கு இடம் உண்டு. வளையக்காரி அக்காவைத் தீர்ப்பாளராக அழைக்க விரும்புகிறோம். மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன். பிடிப்பதற்கு எத்தனை எச்சரிக்கை என்பது மட்டும் பாக்கி. சார் சொல்லுங்கள், துண்டறிக்கை நாளை அச்சகத்துக்குப் போகிறது.

குழித்துறை உடற்கல்வி ஆசிரியர் (ஓய்வு)

ஒரு சுற்றுக்கு இரண்டு எச்சரிக்கை, மூன்றாவது முறை ஒரு புள்ளி குறைப்பு என்று போட்டுவிடுங்கள். பிடரியைப் பிடித்து அழுத்துவதும் வெறுமனே கட்டிக்கொள்வதும் வெவ்வேறு என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் டைசன் தரப்பு இரண்டுக்கும் புள்ளி கேட்கும்.